வேகம் குறைந்தும் ஆட்டோபைலட் ஏன் காப்பாற்றவில்லை? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழிமுறை

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை மொட்டைமாடிகளில் ஃபோம் வெட்டி இறக்கை ஒட்டி, உள்ளே ஆர்டுபைலட் (விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட் மென்பொருள்) ஏற்றிப் பறக்கவிடுபவர்களுக்காக எழுதப்பட்டது இது. கையில் இருப்பது ஏறக்குறைய 1.5 கிலோ எடையுள்ள, இறக்கை வைத்த, பிட்டோ குழாய் (எதிரே வரும் காற்றின் அழுத்தத்தை வாங்கி வேகம் அளக்க உதவுவது) பொருத்திய விமானம் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை என்று நிறைந்த பகுதி நம்முடையது. ஆகவே பொன்னேரிப் பக்கத்து அறுவடை வயலானாலும், ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பறக்க அனுமதியுள்ள பச்சை மண்டலமா என்று பார்த்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நம் ஆட்டோபைலட்டுக்கு ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் விழும் நிலை, என்றால் என்னவென்று தெரியாது. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்களில் காற்று இறக்கையை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று அளக்கத் தனி இதழ்கள் உண்டு. நம் வண்டியில் பெரும்பாலும் அது இல்லை. இருப்பவை இரண்டு எண்கள்தான்: பிட்டோ சொல்லும் காற்றுவேகம், நீங்கள் எழுதிக்கொடுத்த குறைந்தபட்ச வேகம். முதல் எண் இரண்டாவதை நெருங்கும்போதுதான் பாதுகாப்பு விழிக்கும். இரண்டில் ஒன்று பொய்யானாலும், எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டே அது விமானத்தைக் கீழே போட்டுவிடும்.

முதலில் மோட் எது என்று பாருங்கள்

"ஸ்டால் பிரிவென்ஷன் 1 என்றுதான் இருக்கிறது, ஆனாலும் விழுந்துவிட்டது" என்று வரும் கேள்விகளில் பலவற்றுக்கு விடை இங்கேயே கிடைக்கும். ஸ்டால் பிரிவென்ஷன் என்பது ஸ்டாலைத் தடுக்கும் அமைப்பு; 1 என்றால் இயங்குகிறது. ஆனால் ஆட்டோபைலட் எதை ஓட்டும், எதை உங்களிடம் விடும் என்பது மோடைப் பொறுத்தது. மேனுவல், அக்ரோ மோட்களில் எந்தக் காவலும் இல்லை. எஃப்பிடபிள்யூஏ மோடில் பாதிக் காவல்: வேகம் குறைந்தால் சாய்வுக் கோணத்தை அது குறைக்கும், ஆனால் த்ராட்டில் (மோட்டார் விசை) உங்கள் கையில். குச்சியைப் பின்னால் இழுத்து, த்ராட்டிலையும் கீழே வைத்தால் அது கூட்டித் தராது. எஃப்பிடபிள்யூபி, க்ரூஸ், லாய்ட்டர் (ஓரிடத்தில் வட்டமிடுவது), ஆட்டோ, ஆர்டிஎல் (கிளம்பிய இடத்துக்குத் திரும்புவது) ஆகியவற்றில்தான் டெக்ஸ் என்ற பகுதி வேகத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கையாளும். முழுக் காவல் அங்கேதான்.

இது பெரிய விமானங்களுக்கும் பொருந்தும். 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இறங்கவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, வேகத்தைப் பிடித்துவைக்கும் மோடுக்குப் பதிலாக இன்ஜின்களை ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) வைத்து இறக்கும் மோடில் இருந்தது. கடைசி நொடிகளில் முழு விசை கேட்டபோது இன்ஜின்கள் சுழன்று ஏற நேரமில்லை. ஓடுபாதைக்கு முன்பே தரை தட்டியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். மோடின் பெயரை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் சின்ன விமானத்துக்கும் வேண்டும்.

தரையில் அசையாமல் நிற்கும்போதே வேகம் 5, 6 காட்டுகிறது

வேகங்கள் எல்லாம் விநாடிக்கு மீட்டரில். பிட்டோ முனையின் அழுத்தத்துக்கும், பக்கத்து ஸ்டாட்டிக் துளைகள் வாங்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விகிதம் என்ற அமைப்பெண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் திரையில் தெரியும் வேகம். விகிதம் தொடக்கத்தில் ஏறக்குறைய 2. எனவே 12 மீட்டர் வேகத்துக்கு வெறும் 72 பாஸ்கல் போதும். நம்மில் பலர் வாங்கும் எம்எஸ் 4525 சென்சாரின் வீச்சோ ஏறக்குறைய 6,900 பாஸ்கல். நாம் பறப்பது அதன் நூறில் ஒன்றிரண்டு பங்குக்குள். அதனால் 10 பாஸ்கல் பூஜ்யப் பிழை கூட தரையில் 4.5 என்று தெரியும். 0 முதல் 3 வரை தாவிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். 5க்கு மேல் நிலையாக நின்றால் பறக்கக் கூடாது.

பெரும்பாலும் காரணம் எளிது. பேட்டரி சொருகிய சில விநாடிகளில் சென்சார் தன் பூஜ்யத்தை எடுத்துக்கொள்கிறது. அப்போது பிட்டோ முனையில் காற்று அடித்தால் அந்தக் காற்றே பூஜ்யமாகிவிடும். பிறகு வானில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். காற்று அடிக்காமல் வெயில் அடித்தாலும் தொல்லை உண்டு: நிழலில் பூஜ்யம் எடுத்து, பிறகு மே மாத வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் சென்சார் சூடாகிப் பூஜ்யம் நகரும். பிட்டோ முனையைத் தளர்வான உறையால் மூடுங்கள், துளையை இறுக்கி அடைக்காமல். விமானத்தைப் பறக்கப்போகும் இடத்திலேயே வைத்து, பேட்டரி சொருகி, சில நிமிடம் சூடு நிலைக்கவிட்டு, மிஷன் பிளானர் என்ற கணினிச் செயலியில் ப்ரீஃப்ளைட் கேலிபரேஷனை (பூஜ்யம் எடுப்பதை) மறுபடி ஓடவிடுங்கள். பிறகு உறையை எடுத்து, முனைக்கு ஒரு சாண் தள்ளி நின்று ஊதுங்கள். எண் ஏறி இறங்க வேண்டும். வாயை முனையில் வைத்து ஊதாதீர்கள். எச்சில் உள்ளே போனால் அடுத்த பகுதிக்கு வேலை வைத்துவிடும்.

உயரம் ஏற ஏற வேகமும் ஏறுகிறது. மூக்கு தூக்குகிறது, த்ராட்டில் குறைகிறது

எல்லா அறிகுறிகளிலும் ஆபத்தானது இதுதான். பிட்டோ முனை முழுதாக அடைத்துக்கொண்டால், தரையில் இருந்த அழுத்தம் குழாய்க்குள் சிறைப்படும். பக்கத்து ஸ்டாட்டிக் துளைகள் திறந்தே இருக்கும். தரையருகே ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்துக்கும் வெளி அழுத்தம் ஏறக்குறைய 11.4 பாஸ்கல் குறைகிறது. 10 மீட்டர் ஏறினால் வித்தியாசம் 114 பாஸ்கல். திரையில் 15 மீட்டர் வேகம்! 40 மீட்டரில் அது 30 ஆகிவிடும். உங்கள் வேகமானி இப்போது உயரமானியாக வேலை செய்கிறது. ஆட்டோபைலட் "அதிவேகம்" என்று நினைத்து த்ராட்டிலை இறக்கி மூக்கைத் தூக்கும். வேகக் குறைவிலிருந்து காக்க வேண்டியதே வேகத்தைக் கொல்லும்.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் 301 இப்படித்தான் போயிற்று. அந்தப் போயிங் 757 சில நாள் பிட்டோ மூடியில்லாமல் நின்றிருந்தது. கேப்டன் பக்கத்துக் குழாய் அடைத்திருந்தது. மண்குளவி கூடு கட்டியிருக்கும் என்பது விசாரணையின் ஊகம். ஆட்டோபைலட் அந்தப் பொய்யான வேகத்தையே நம்பி மூக்கைத் தூக்கியது. 189 பேரும் இறந்தார்கள்.

நம் ஊரில் குளவிக்குக் குறைவில்லை. மாடிப் பரணில் இரண்டு வாரம் கிடந்த விமானத்தின் 2 மில்லிமீட்டர் துளை அதற்கு நல்ல வீடு. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றும் நிலக்கரிச் சாம்பலும் சேர்ந்து பசை போலப் படியும். மழைக்காலத்தில் தண்ணீர்: குழாய்க்குள் செங்குத்தாக நிற்கும் 5 மில்லிமீட்டர் தண்ணீர் 49 பாஸ்கலுக்குச் சமம், அதாவது திரையில் ஏறக்குறைய 10 மீட்டர் வேகம். ஒரே ஒரு துளி உங்கள் முழுப் பாதுகாப்பு எல்லையையும் விழுங்கிவிடும்.

ஸ்டாட்டிக் துளைகள் அடைத்தால் அறிகுறி தலைகீழ்: ஏறும்போது வேகம் குறைந்து காட்டும், வண்டி த்ராட்டிலைக் கூட்டி மூக்கைத் தாழ்த்தும். இங்கே ஒரு கவனம். ட்யூப் ஆர்டர் என்ற அமைப்பு தொடக்கத்தில் 2. குழாய்களை எப்படி மாற்றிச் சொருகினாலும் ஏற்றுக்கொள்ளும் வசதி அது. ஆனால் அப்போது எதிர்மறை அழுத்தமும் நேர்மறை வேகமாகவே தெரியும். ஸ்டாலில் ஸ்டாட்டிக் பக்கம் அழுத்தம் கூடினால்கூட நல்ல வேகத்தில் பறப்பதுபோலக் காட்டும். முனைக் குழாய் எந்த முளையில் போகிறது என்று பார்த்து 0 அல்லது 1 என்று அமைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

அடைப்பையும் கசிவையும் மேசையிலேயே கண்டுபிடிக்கலாம். கொளத்தூர் மீன்தொட்டிக் கடையில் ஒரு மீட்டர் ஒளிபுகும் குழாயும் ஒரு டி-இணைப்பும், மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்சும் வாங்கினால் போதும்.

1. குழாயை 'யு' வடிவில் வளைத்து, அளவுகோலோடு பலகையில் ஒட்டுங்கள். பாதி வரை நிறம் கலந்த தண்ணீர்.
2. ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனை டி-இணைப்புக்கு, டியின் ஒரு கால் சிரிஞ்சுக்கு, மற்றது மெல்லிய சிலிக்கான் குழாய் வழியாகப் பிட்டோ முனைக்கு. பின்னாலுள்ள பக்கத் துளைகளை மூடிவிடாதீர்கள்.
3. சிரிஞ்சை மிக மெதுவாகத் தள்ளுங்கள். இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 10 மில்லிமீட்டர் ஆனதும் நிறுத்துங்கள். அது 98 பாஸ்கல். விகிதம் 2 என்றால் திரையில் 14 வர வேண்டும். 20 மில்லிமீட்டருக்கு 20 வரும்.
4. ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மட்டம் இறங்கினால் எங்கோ கசிவு.

நான்காவது படியில் ஒரு விலக்கு: எஸ்டிபி வகைச் சென்சார்கள் காற்றைத் தங்களுக்குள் மெல்ல ஓடவிட்டு அளப்பவை. அவற்றில் மட்டம் மெதுவாக இறங்குவது இயல்பு. எண் அசையவே இல்லையென்றால் அடைப்பு. 14க்குப் பதில் 9, 10 என்று வந்தால் பெரும்பாலும் குழாய் தளர்வு. மீன்தொட்டிக் குழாயையே விமானத்துக்குள்ளும் போட்டுவிடுவது பலர் செய்யும் வேலை. அதன் உள்விட்டம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். சென்சார் முளைக்கு வேண்டியது 2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிக்கான் குழாய். கட்டுக்கம்பி போட்டு இறுக்கினாலும் சூட்டில் தளரும்.

சுத்தம் செய்யும்போது இரண்டு குழாய்களையும் சென்சாரிலிருந்து கழற்றிய பிறகே எதையும் ஊதுங்கள். மெல்லிய கிடார் கம்பியால் முனையைக் குத்தி, காய்ச்சி வடித்த நீரால் அலசி, ஒரு இரவு முழுக்க உலரவிடுங்கள். பறக்காத நேரமெல்லாம் முனையில் உறை, உறையில் நீளமான சிவப்பு ரிப்பன்.

வேக எண் சரி. ஆனாலும் திருப்பத்தில் ஒரு இறக்கை விழுகிறது

இங்கே பொய் சொல்வது இரண்டாவது எண், அதாவது நீங்கள் எழுதிய குறைந்தபட்ச வேகம். புதிய பதிப்புகளில் ஏர்ஸ்பீட் மின் என்ற பெயரில் இருக்கும். தொடக்க மதிப்பு 9. அதை அப்படியே விட்டுவைப்பது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

சரியான எண் பறந்துதான் கிடைக்கும். காற்றில்லாத காலையில், 80 மீட்டர் உயரத்தில், எஃப்பிடபிள்யூஏ மோடில் இறக்கையை நேராக வைத்து, த்ராட்டிலைக் குறைத்து, உயரம் இழக்காதபடி குச்சியை மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். மூக்கு தானாகத் தொங்கும் அல்லது ஒரு பக்கம் சாயும் கணத்தின் வேகத்தை லாக்கில் (பறப்புப் பதிவில்) பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில முறை செய்து, கிடைத்ததில் அதிகமான வேகத்தை எடுங்கள். அதோடு 20 சதவீதம் கூட்டினால் குறைந்தபட்ச வேகம். ஸ்டால் 8 என்றால் 9.6.

இப்போது எடையைச் சேருங்கள். ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். 1.5 கிலோவில் 8 இருந்தால், கேமராவும் பெரிய பேட்டரியும் ஏறி 1.9 கிலோ ஆனதும் 9. அமைப்பில் இன்னமும் 9.6தான். இடைவெளி 20 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. இதைவிட மோசமானது இன்னொன்று. டெக்ஸின் அவசரக் கொடி, அதாவது "எல்லாவற்றையும் விடு, முழு த்ராட்டில் கொடு, மூக்கைத் தாழ்த்தி வேகத்தை எடு" என்ற நிலை, வேகம் குறைந்தபட்சத்தின் 90 சதவீதத்துக்குக் கீழே போய், த்ராட்டிலும் ஏற்கெனவே உச்சத்தை நெருங்கியிருக்கும்போதுதான் ஏறும். 9.6இன் 90 சதவீதம் 8.64. உங்கள் விமானமோ 9இலேயே விழுந்துவிடும். கொடி ஏறும்போது காப்பாற்ற எதுவும் மிச்சமிருக்காது. 400 கிராம் கூடுதல் சுமை, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பாதுகாப்பை ஸ்டாலுக்குக் கீழே தள்ளிவிட்டது. எடை மாறிய அன்றே அந்த எண்ணையும் மாற்றுங்கள், 1.9 கிலோவுக்கு 10.8. க்ரூஸ் வேகத்தையும் (வழக்கமாகப் பறக்கும் வேகம்) அதற்கேற்ப ஏற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

திருப்பத்தில் என்ன நடக்கிறது? 45 பாகை சாய்ந்தால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும், 60 பாகையில் 41 சதவீதம். ஸ்டால் பிரிவென்ஷன் இதைக் கணக்கிட்டுச் சாய்வை வெட்டுகிறது. குறைந்தபட்சம் 9.6 என்று இருக்கையில் 12இல் பறந்தால் ஏறக்குறைய 50 பாகை வரை விடும், 10.5க்கு இறங்கினால் 33 பாகைதான். எவ்வளவு மெதுவாகப் போனாலும் 25 பாகை மட்டும் எப்போதும் அனுமதி. சென்சார் பொய் சொன்னாலும் விமானம் திரும்பி வர வழி வேண்டும் என்பதற்காக வைத்த விட்டுக்கொடுப்பு அது; நல்ல முடிவுதான். ஆனால் அந்த 25 பாகையைத் தாங்க உங்கள் குறைந்தபட்ச வேகம் உண்மையாக இருக்க வேண்டும். வே பாயிண்ட்டுகளை (ஆட்டோ மோடில் போக வேண்டிய இடங்களை) நெருக்கமாகக் குத்தி வைத்திருந்தால் தள்ளி வையுங்கள். சாய்வு வெட்டப்படும்போது திருப்பம் அகலமாகும், மரத்தையும் மின்கம்பியையும் அதற்கேற்ப ஒதுக்க வேண்டும்.

எப்போதும் ஒரே பக்கம்தான் விழுகிறது என்றால் ஆட்டோபைலட்டைக் குறை சொல்லாதீர்கள். இறக்கை முறுக்கியிருக்கும், வெயிலில் காரில் வைத்த ஃபோமுக்கு அது சாதாரணம்.

நேரே பறக்கும்போது சரி. ஏறும்போது வேகம் சுருங்குகிறது

உங்கள் மோட்டாரால் முடியாத ஏற்றத்தை ஆட்டோபைலட் கேட்கிறது. டெக்ஸ் க்ளைம்ப் மேக்ஸ் தொடக்கத்தில் 5, அதாவது விநாடிக்கு 5 மீட்டர் ஏற்றம். கனமான விமானம் அதைத் தாங்காது. லாய்ட்டரில் 50 மீட்டர் ஏறச் சொல்லிவிட்டு லாக்கைப் பாருங்கள்: த்ராட்டில் உச்சத்தை ஒட்டி நிற்க, வேகமும் குறையாமல் இருந்தால் எண் சரி. வேகம் சரிந்தால் 3.5, 3 என்று இறக்குங்கள். இந்தச் சோதனையை முழு பேட்டரியில் மட்டும் செய்வது தவறு. 12.6 வோல்ட்டிலிருந்து 10.8க்கு இறங்கிய பேட்டரியில் முழு த்ராட்டில் விசை ஏறக்குறைய கால்பங்கு குறைந்துவிடும். முக்கால்வாசி தீர்ந்த பேட்டரியில் ஏறுவதுதான் உண்மையான எண்.

எப்போதுமே சோம்பலாக, மூக்கைத் தூக்கிப் பறக்கிறது

விகிதம் அதிகமாக இருக்கிறது, திரை உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது. லாய்ட்டரில் முழு வட்டங்கள் போட்டால் காற்று கழிந்துவிடும். அந்த வட்டங்களின் சராசரி ஜிபிஎஸ் வேகம் உண்மையான காற்றுவேகத்துக்கு நெருக்கம். திரையில் 14, ஜிபிஎஸ் சராசரி 12.5 என்றால் புதிய விகிதம் 2 × (12.5 ÷ 14)², அதாவது 1.59. விகிதத்தைத் தானே திருத்தும் ஆட்டோகேலையும் பயன்படுத்தலாம்: 1 என்று வைத்து, குறைந்தது 5 நிமிடம் வட்டமடித்துவிட்டு, இறங்கியதும் 0 ஆக்கிவிடுங்கள். 1.5க்குக் கீழோ 3க்கு மேலோ போனால் கணக்கை விட்டுக் குழாயைப் பாருங்கள். தரையில் பிடித்துக்கொண்டு த்ராட்டிலைக் கூட்டும்போது வேக எண் ஏறினால், பிட்டோ புரொப்பெல்லர் காற்றுக்குள் நிற்கிறது. இறக்கையின் வெளிப்பாதிக்கு மாற்றுங்கள்.

மதியக் கடற்காற்றில் மட்டும் வரும் தொல்லை

காலையில் ஒழுங்காகப் பறந்தது மதியத்துக்கு மேல் தடுமாறுகிறதா? 6 மீட்டர் கடற்காற்றில், 12இல் பறக்கும் விமானம் கடலைப் பார்த்துப் போகும்போது தரைவேகம் 6, திரும்பி மேற்கே வரும்போது 18. அந்த 18ஐப் பார்த்துக் கை தானாக த்ராட்டிலைக் குறைக்கும். பல விமானங்கள் அந்த இடத்தில்தான் விழுகின்றன. திரையில் பெரிய எழுத்தில் காற்றுவேகம் தெரியட்டும், தரைவேகம் ஓரத்தில் இருக்கட்டும். பிட்டோ இல்லாத விமானத்தில் ஆட்டோபைலட் ஜிபிஎஸ்ஸை வைத்துக் காற்றை ஊகிக்கிறது. சில திருப்பங்கள் போட்ட பிறகே அந்த ஊகம் உருப்படியாகும், அதனால் கிளம்பியதும் நேரே தூரம் போகவிடாதீர்கள்.

இறங்கும்போது வேறு சிக்கல். மேலே 6 மீட்டர் அடிக்கும் காற்று, தென்னைக்கும் வீட்டுக்கும் கீழே 3 ஆகிவிடும். எதிர்க்காற்றில் இறங்கும் விமானம் அந்த 3 மீட்டரை ஓரிரு விநாடியில் இழக்கும். இறங்கும் வேகத்தைச் சொல்லும் டெக்ஸ் லேண்ட் ஏர்ஸ்பீடில் அன்றைய காற்றின் பாதியைக் கூட்டிவிடுங்கள்.

வானில் இருக்கும்போதே சென்சார் சந்தேகம் வந்தால்

எஃப்பிடபிள்யூஏ மோடுக்கு மாற்றி, இறக்கையை நேராக்கி, த்ராட்டிலை 60 முதல் 70 சதவீதத்தில் வைத்து, மூக்கை அடிவானத்துக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். பிறகு வேகச் சென்சாரைப் பயன்படுத்துவதா என்று சொல்லும் ஏர்ஸ்பீட் யூஸை 0 ஆக்குங்கள். ஆர்டிஎல் போடாதீர்கள், பொய்யான எண்ணை நம்பும் அதே டெக்ஸ்தான் அதையும் ஓட்டுகிறது. வேக எண்ணும் ஜிபிஎஸ் வேகமும் அளவுக்கு மீறி முரண்பட்டால் சென்சாரைத் தானே ஒதுக்கும் வசதியும் உண்டு. அந்த முரண்பாட்டின் எல்லையைச் சொல்லும் விண்ட் மேக்ஸில் உங்கள் இடத்தின் பெருங்காற்றுக்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுதுங்கள். கடற்கரைக்கு 15 பொருந்தும். தொடக்க மதிப்பு 0, அதாவது இந்தச் சோதனையே நடக்காது. எழுதியபின் ஏர்ஸ்பீட் ஆப்ஷன்ஸில் கோளாறு வந்தால் ஒதுக்கும் தேர்வு இயங்குகிறதா என்பதையும் பாருங்கள்.